கைப்பிடியில் என் போர்வை

கண்ணாடி ஜக்கைப் படமெடுத்து, பின்னால் வேறொரு காட்சியை ஒட்டினால் பார்த்தவுடனே பொய் என்று தெரியும். கண்ணாடி பின்னால் இருப்பதை வளைத்துக் காட்டும். ஒட்டிய காட்சி வளையாது. இதற்கு வழி உண்டு. ஜக்குக்குப் பின்னால் கணினித் திரையை வைத்து, கறுப்பு வெள்ளைக் கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டி, ஒவ்வொன்றையும் படமெடுக்க வேண்டும். கோடுகள் வளைந்த விதத்தைக் கணக்கிட்டுவிட்டால், எந்தக் காட்சியைப் போட்டாலும் ஜக் சரியாக வளைக்கும். நடுவில் ஜக் மயிரிழையளவு அசைந்தாலும் எல்லாம் நாசம்.

நானும் நண்பனும் வேலை செய்த ஸ்டூடியோ பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரம். பஸ் போனால் மேசை ஆடும். அதனால் ஒரு ஹோட்டல்காரர் விளம்பரத்துக்காகத் தந்த ஜக்கை மடியில் வைத்துக்கொண்டு கலஹா பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். படம் தங்களுக்குப் பிடித்துப்போனால் செய்தவனுக்கு ஹோட்டலிலேயே நிரந்தர வேலை என்றிருந்தார்கள். ஜன்னலைப் போர்வையால் மூடி மூன்று நாள் எடுத்தேன். ஜக்கின் கைப்பிடியில் போர்வையின் சிவப்பு விழுந்துவிட்டது. எந்தக் காட்சியைப் போட்டாலும் அது போகவில்லை.

ஹோட்டலில் பேச்சு சிங்களத்தில்தான்; நான் சிங்களம் பேசினால் சண்டை பிடிப்பதுபோல இருக்கும். அதனால் படத்தை நண்பனிடம் ஹோட்டலுக்குக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் ஸ்டூடியோவுக்கே வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பேராதனைச் சந்தியில் ஹோட்டலின் பெரிய விளம்பரப் பலகை. பின்னால் வாவி, முன்னால் என் ஜக். நண்பனுக்குப் போன் போட்டேன்.

"கைப்பிடியில என்னடா செவப்பு?"

"மாலை வெயில்னு சொல்லிட்டேன் மச்சான். அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு."

"அது என் போர்வைடா!"

"இருக்கட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது? ஆமா, அடுத்தது பித்தளைச் செம்பு. அதுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடு வேணும், அனுப்புறியா?"

மறுநாள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். மேலாளர் முன்னால், அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்ட நண்பனின் கணினியில் கைப்பிடியைப் பெரிதாக்கச் சொன்னேன். சிவப்பில் இரண்டு மஞ்சள் கோடு. மேசையில் போர்வையை விரித்தேன். அதே இரண்டு கோடு.

மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆனால் அவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தாயிற்றே" என்றார் சிங்களத்தில். "நீங்கள் அவருக்கு உதவியாளராக வரலாமே."

நண்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். 'அது இவன் செய்தது' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 

போர்வையை இழுத்து எடுத்தேன். செம்பை அவனே படமெடுக்கட்டும் என்றேன். சண்டை பிடிக்கிற என் சிங்களத்திலேயே சொன்னேன்.