அஞ்சு கட்டைக்கு ஒரு கட்டைக் கிட்டார்

எங்கள் றப்பர் தோட்டத்தில் முத்துவீரன் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். கிட்டார் முத்துவீரன் ஒருவர்தான். என் அக்கா கிருஷ்ணகுமாரியைக் கட்டியவர், எனக்கு மச்சான். யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் றப்பர் ஸ்டோரில், புகை அறையில் ஷீட் தொங்கவிடுகிற வேலையிலேயே காலத்தைக் கழித்தவர். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் மனிதன் சும்மா இருக்க வேண்டாமா? போன ஆடியிலிருந்து ஒரு கிட்டாருக்காக எங்கள் எல்லோரையும் ஒருவழி பண்ணிவிட்டார்.

ஆரம்பித்து வைத்தது கோயில் கமிட்டி. திருவிழாவில் ஒருநாள் பழைய ஆட்கள் ஏறி வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். பழைய ஆட்கள் என்றால் மச்சான் கிட்டார், நான் பொங்கோ, பாட்டு அக்கா. முப்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் போகாத தோட்டம் இல்லை. டிரக்டர் பெட்டியில் ஸ்பீக்கரை ஏற்றி, அதன்மேல் நாங்கள் ஏறி, தெரணியகலை வரைக்கும் குலுங்கிக் குலுங்கிப் போவோம். அக்கா காலையில் மரங்களில் பால் வெட்டிவிட்டு, குளித்து, தலையில் பூவோடு வந்து நிற்பாள். அவள் தொடங்கினால் கீழே ஆற்றில் குளிக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. பிறகு பிள்ளைகள், வேலை, வீடு. குழு கலைந்தது. மச்சானின் கிட்டாரும் ஒரு வைகாசி வெள்ளத்தில் ஊறி வெடித்துப்போனது.

அந்தக் கிட்டார் ஒரு விசித்திரம். அவிசாவளையில் ஒரு தச்சு பாஸ் பலா மரத்தில் செய்து, கரண்டு மைக்கும் பொருத்திக் கொடுத்தது. கழுத்து ஒரு சாண் குறைவோ என்று தோன்றும். கட்டைக் கிட்டார் என்று கேலி செய்வோம். மச்சான் அதை அஞ்சு கட்டை சுருதிக்கு ஏற்றி வைத்திருப்பார். சாதாரணக் கிட்டார் மூன்று கட்டையில் நிற்கும். இது அதற்கும் மேலே போய்க் கணீர் என்று பேசும்.

"குமாரி பாடுனா அஞ்சு கட்டையிலதான் பாடணும். கீழ எறக்குனா அது குமாரியே இல்ல" என்றார் மச்சான், கமிட்டி வந்து கேட்டதும். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்பதுதான்.

நிவித்திகலையில் இருக்கிற சொந்தக்காரரிடம் நீளக் கழுத்துக் கிட்டார் ஒன்றை இரவல் வாங்கி முறுக்கிப் பார்த்தார். மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. மறுபடி மாட்டினார், மறுபடி அறுந்தது.

"கழுத்துல கம்பிய அழுத்திப் புடிக்கிற அந்தக் கெப்போ கிளிப்ப மாட்டுங்களேன் மச்சான்" என்றேன்.

"அத மாட்டுனா கழுத்துல இருக்குற புள்ளியெல்லாம் எடம் மாறிப் போகும். என் வெரலுக்குப் பழைய எடந்தான் தெரியும்."

கழுத்து குட்டையாக இருந்தால் அதே சுருதிக்குக் கம்பியை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, அறுகாமல் மேலே போகலாம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். பாவம், அவர்கள் டிக்கெட் எடுத்தது அதற்காகவா?

கடைசியில் கேகாலையில் பழைய வாத்தியங்கள் விற்கிற ஸாஜித் என்பவரின் நம்பர் கிடைத்தது. மச்சான் போனில், "அஞ்சு கட்டைக்கு ஒரு கட்டைக் கிட்டார் வேணுங்க" என்றார்.

"அஞ்சாங்கட்டைக்கா? அது எந்த ரோட்ல ஈக்கிது? நானா, அங்கெல்லாம் கொணந்து தர ஏலாது, கடைக்கி வாங்க."

அவர் ரோட்டோரத்து மைல்கட்டையை நினைத்துவிட்டார். மச்சான் சுருதியை விளக்க, அவர் பஸ் வழியை விளக்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் இருவரும் போனோம். சுவரில் தொங்கிய அழகான கிட்டார்கள் எல்லாம் நீளம், விலையும் கிட்ட நெருங்க விடவில்லை. மூலையில் தூசி படிந்து நீல நிறத்தில் ஒன்று. "அது சின்னப் புள்ளையள்ட. ஒத்தரும் எடுக்க மாட்டாங்க" என்றார் ஸாஜித். மச்சான் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். கழுத்தின் பித்தளைக் கோடு ஒவ்வொன்றிலும் கம்பியை அழுத்தி நரநரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். கையோடு கொண்டுபோன மெல்லிய கம்பிகளை மாட்டி முறுக்கினார். மூன்று, நான்கு, நாலரை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அஞ்சில் நின்றது. சுருதிச் சாவிகளும் வழுக்கவில்லை. கட்டுப்படியாகிற விலைக்கே ஸாஜித் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் மச்சான் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

அன்று பின்னேரம் முன் அறையில் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றின் தொடக்கத்தை வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்து நின்று பாடினாள். முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில் ஏறும்போது குரல் பிளந்து இருமல் வந்துவிட்டது.

"மெதுவா பாடு குமாரி, வந்துரும்" என்றார் மச்சான்.

அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். "வராதுங்க. இது என் கட்டையே இல்ல."

"என்னா பேச்சு இது? இதுலதானே அப்ப பாடுன?"

"அந்தக் கட்டைக் கிட்டார எறக்குனா கம்பி தொளதொளன்னு கெடக்கும். அதுக்காகத்தான நீங்க மேல ஏத்தி வச்சிருந்தீங்க? நா எட்டிப் புடிச்சேன். கச்சேரி முடிஞ்சா ரெண்டு நாளைக்குப் பேச்சே வராது. சுக்குத் தண்ணி குடிச்சிட்டு வேலைக்குப் போவேன்."

"ஏன் சொல்லல?"

"அவ்வளவு அழகா வாசிச்சீங்க. எறக்கச் சொல்லி, அது கெட்டுப் போயிட்டா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மச்சான் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒன் கட்டை எது குமாரி?"

அக்கா சிரித்தாள். "இப்பத்தான் கேக்குறீங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, பெரிதாக இல்லாமல், தனக்கு வருகிற இடத்தில் முனகிப் பாடினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்கே தெரியாது. மச்சான் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நாலரை, நான்கு, மூன்று. கம்பிகள் தொங்கி நரநரத்தன. அவர் நிறுத்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் எறக்குங்க" என்றாள் அக்கா.