கும்பிடு போட்டாச்சு, கிளம்பலை!

போன மாதம் பதுளையில் ஒரு வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு — 'தொடர்பாடல் என்றால் என்ன?' வெளியே பேய் மழை. அனுப்புபவர், செய்தி, ஊடகம், பெறுபவர்... பெறுபவரிடமிருந்து பதில் வந்துவிட்டால் தொடர்பாடல் பூரணம் என்று போர்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பிள்ளைகளும் பொறுப்பாக எழுதிக்கொண்டார்கள்.

இடைவேளையில் போனைப் பார்த்தால், பசறைப் பக்கம் என் அக்கா இருக்கும் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் அதிகாரிகளின் மண்சரிவு எச்சரிக்கை. என்னையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அக்கா குடியிருக்கும் லயம், அந்த வரிசை வீடுகள், மலைச்சரிவுக்கு நேர் கீழே. 'உடனே வெளியேறிப் பாடசாலைக்குச் செல்லவும்' — சுத்தமான தமிழ். மொழி புரியவில்லை என்றுகூடக் குறை சொல்ல முடியாது! கீழே வரிசையாகக் கும்பிடும் கை எமோஜி. அதில் ஒன்று அக்காவுடையது.

நிம்மதியாகப் போன் போட்டேன்.

"ஸ்கூலுக்குப் போயிட்டியா அக்கா?"

"இல்லடி, சோறு வடிச்சிட்டு இருக்கேன்."

"மெசேஜ் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேனே. கும்பிடுகூடப் போட்டேனே!"

"போட்டுட்டு ஏன் இன்னும் வீட்டுல இருக்கே?"

"பக்கத்து வீட்டு சரோஜாவே கிளம்பலையே... நாங்க மட்டும் மூட்டையைத் தூக்கிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்களா?"

போனை சரோஜாவிடம் கொடுக்கச் சொன்னேன். அந்தம்மா இன்னும் பிரமாதம். "உங்க அக்கா வீட்டுலயே அடுப்பு எரியுதுங்க. ஆபத்துன்னா அவங்க இருப்பாங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரு லயமே உட்கார்ந்திருக்கிறது! கத்தினேன். கெஞ்சினேன். அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி சரி, கத்தாத. மாட்டை மட்டும் கொண்டுபோய் ஸ்கூல்கிட்ட கட்டிட்டு வந்துர்றேன்."

மாட்டுக்கு ஆபத்தாம். இவளுக்கு இல்லையாம்! எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல?

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? கொட்டும் மழையில் அக்கா மாட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்ததை லயமே பார்த்தது. 'மாட்டையே ஓட்டிட்டுப் போறாங்களே' என்று சரோஜா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பின்னால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு... கொஞ்ச நேரத்தில் லயம் காலி. மாட்டைக் கட்டிவிட்டுத் திரும்பிய அக்காவை வழியில் மடக்கி மறுபடி ஸ்கூலுக்கு இழுத்துப் போனதும் சரோஜாதான்.

சாயங்காலம் மலை இறங்கியது. அக்கா வீடு இருந்த இடத்தில் இப்போது சேறு கிடக்கிறது. ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

மறுநாள் குரூப்பில் ஒரு செய்தி: 'எமது எச்சரிக்கையை ஏற்று உடனடியாக வெளியேறிய மக்களுக்கு நன்றி.' போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அனுப்பியாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது, அதனால் சொல்லியாகிவிட்டது என்று எத்தனை காலம்தான் நம்பிக்கொண்டிருப்போம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கேட்டவர் கால் நகர வேண்டாமா?

அடுத்த மழைக்கும் மெசேஜ் போடுங்கள் ஐயா, வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ஓர் ஆளையும் அனுப்புங்கள். அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம் — முதல் வீட்டு மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும்.