வசவு சுமந்தவள்

கடமலைக்குண்டிலிருந்து தேனிக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து சாராள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்காருவார்கள். கண்டக்டருக்கு விஷயம் தெரியும். "இந்த மாசம் என்ன வசவும்மா?" என்பார். "புழுத்துச் சாவான், அவன் சோத்துல மண்ணு விழும், நாதியத்துப் போவான்" என்று சாராள் ஒப்பிப்பாள். ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது. அதை அப்படியே மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. தேனி பஜாரில் அவள் புருஷன் சுந்தர்ராஜுக்குப் பாத்திரக்கடை. அவள் வாய்க்குப் பயந்து, பேரம் பேசுகிறவர்கள் அவள் கடையில் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சபைப் பெண்களோடு ஜெயிலுக்குப் பாட்டுப் பாடப் போனாள். பாடினார்கள், பன் கொடுத்தார்கள், ஆண்டவர் உங்களை மன்னிப்பார் என்றார்கள். ஒரு ஆள் மட்டும் பன்னை வாங்கவில்லை. பெயர் மொக்கைச்சாமி, வருசநாட்டுப் பக்கத்துக் குடியானவன். பருத்திக்காட்டு எல்லைக்கல்லை வைத்து வந்த சண்டையில் பங்காளி சுருளியாண்டியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனையில் இருந்தான்.

"எல்லாரும் ஆண்டவர் மன்னிப்பாருன்னு சொல்றீக. சுருளியாண்டி பொண்டாட்டி, அந்தக் கருத்தம்மா மதினி என்ன சொல்லுதுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலையே" என்றான்.

மற்ற பெண்கள் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்கள். சாராளுக்குப் பாட்டு வரவில்லை. அவன் கேட்டது நியாயம்தானே என்று பட்டது. அடுத்த வாரமே அவன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கருத்தம்மாள் களத்தில் காய்ந்த பருத்திமாரை விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். மொக்கைச்சாமி பெயரைச் சொன்னதும் ஒரு கத்தை மாரைத் தூக்கி ஓங்கினாள். சாராள் நகரவில்லை.

"நான் மன்னிக்கச் சொல்லி வரல ஆத்தா. அவன்கிட்டச் சொல்ல உனக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லு. கூட்டாம குறைக்காமக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

ஓங்கிய கை இறங்கியது. அதற்குப் பிறகு வாயிலிருந்து இறங்கியதுதான் பெரிது. வருஷக்கணக்காகக் கேட்க ஆளில்லாமல் நெஞ்சிலே கட்டிக்கிடந்த வசவு அத்தனையும் கொட்டியது. பஜாரில் பேர் வாங்கிய வாய்க்காரியான சாராளுக்கே அதில் பாதிச் சொல் புதிது.

அந்த மாதம் மனுப் போட்டு ஜெயிலுக்குப் போய், கம்பிக்கு வெளியே நின்று முழுவதையும் சொன்னாள். காவலுக்கு நின்ற வார்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, ஆறுதல் சொல்ல வந்தீங்களா, ஆளை அடிக்க வந்தீங்களா?" என்றார். மொக்கைச்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ஜெயிலுக்கு வந்தபின் அவன் அழுதது அதுதான் முதல்தடவை. அழுது முடித்துவிட்டு, "அடுத்த மாசமும் வருவீகளாம்மா?" என்று கேட்டான்.

ஆறுதல் என்றால் தலையைத் தடவிக்கொடுப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இது விளங்காது. சபைப் போதகருக்கும் விளங்கவில்லை. நல்ல வசனமாக நாலு சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று கேட்டார். "ஐயா, ஆண்டவர் சொன்னதை நீங்க சொல்லுங்க. கருத்தம்மா சொன்னதை நான் சொல்றேன். ரெண்டும் அவனுக்கு வேணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். சுந்தர்ராஜ் மட்டும் தடுக்கவில்லை. "ஊர்ல பொம்பளைக சந்தைக்குப் போனாக் கத்திரிக்கா வாங்கிட்டு வருவாக. எம் பொண்டாட்டி வசவு வாங்கிட்டு வாரா" என்று சொல்லிச் சிரிப்பார். அவள் ஜெயிலுக்குப் போகிற நாளில் அவளுக்குப் பதில் அவரே கடையைத் திறந்துவிடுவார்.

வருஷங்கள் ஓடின. வசவுக்கு நடுவே வேறு பேச்சும் கலந்து வர ஆரம்பித்தது. மழை இல்லை, மாடு செத்துப்போச்சு, மகனுக்குக் காய்ச்சல். அதையும் சாராள் வசவோடு வசவாகக் கொண்டுபோனாள். மொக்கைச்சாமி ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரிப்பான். அப்புறம் ஒரு மாதம் கருத்தம்மாள் வையவே இல்லை.

"அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. எல்லைக்கல்லை நகட்டுனது யாருன்னு கேளு" என்றாள்.

கொன்றது யார் என்று கோர்ட் தீர்த்துவிட்டது. கல்லை நகட்டியது யார் என்பதை ஊர்தான் தீர்த்தது. சுருளியாண்டிதான் நகட்டினான், அதனால்தான் அடிபட்டான் என்று மொக்கைச்சாமியின் சொந்தக்காரர்கள் பேசிப் பேசியே நிலைநாட்டிவிட்டார்கள். செத்தவன் வந்து பதில் சொல்லவா போகிறான்? கருத்தம்மாள் மகனை ஊரில் "கல்லுத்திருடன் மகன்" என்றுதான் கூப்பிட்டார்கள். புருஷன் போனதைவிட அதுதான் அவளை அரித்தது.

கேள்வியைக் கேட்டதும் மொக்கைச்சாமி திரும்பி உள்ளே போய்விட்டான். அடுத்தடுத்த மாதங்களில் சாராளைப் பார்க்க வரவே மறுத்தான். வார்டர் பாவப்பட்டு, "போங்கம்மா, இனிமே வர மாட்டான்" என்றார். "அவன் வராட்டிப் போகட்டும். நான் வந்தேன்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள், மறுமாதமும் போனாள்.

கடைசியில் ஒருநாள் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "நகட்டுனது நாந்தேன். சொன்னா என் பொண்டாட்டி இருளம்மாளும் பிள்ளைகளும் எங்கன தலையக் காட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன். போயி மதினிகிட்டச் சொல்லிருங்கம்மா."

"மாட்டேன்" என்றாள் சாராள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வசவைச் சுமந்தேன். இதைச் சுமக்க மாட்டேன். பொய் ஊருக்குள்ள உன் சொந்தக்காரங்க வாயில இருந்து கிளம்புச்சு. மெய்யும் உன் வாயில இருந்தே அங்கன வரணும்."

சொல்லிவிட்டாளே ஒழிய, அன்று பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். விடுதலையாகி வெளியே வந்ததும் அவன் வேறு பக்கம் ஓடிவிட்டால்? "என்ன சொன்னான்?" என்று கருத்தம்மாள் கேட்டபோது, "வந்து அவனே சொல்லுவான்" என்றாள். "நீயும் அவன் பக்கம் சாஞ்சுட்டியா?" என்று கருத்தம்மாள் கதவை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கதவு சாராளுக்குத் திறக்கவில்லை.

எழுபத்தேழில் மொக்கைச்சாமிக்கு விடுதலை வந்தது. ஜெயில் வாசலில் காத்திருந்த சாராளிடம், பொழுது சாய்ந்தபின் ஊருக்குள் நுழைந்துகொள்கிறேன் என்றான். "நீ என்ன களவாணியா? பகல்ல போ" என்று சாராள் கூடவே பஸ் ஏறினாள். உச்சி வெயிலில் இறங்கினார்கள். செய்தி முன்னாலேயே போயிருந்தது. ஊர்ப் பொது இடமான மந்தையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கருத்தம்மாளும் மகனும் ஒரு ஓரத்தில் நின்றார்கள், இருளம்மாள் எதிர்ப்பக்கத்தில் நின்றாள்.

ஊர்ப்பெரியவர் குருசாமி பேச்சை நீட்டவில்லை. "திரும்ப வெட்டு குத்து வேணாம். கேரளாப் பக்கம் எஸ்டேட்டுல போயிப் பொழச்சுக்கிரட்டும். ஊருக்குள்ள இருக்க வேணாம்" என்றார். மொக்கைச்சாமியின் சொந்தக்காரர்களே தலையாட்டினார்கள். அவனும் துண்டை உதறித் தோளில் போட்டான். போய்விடுவான் என்று சாராளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் வீணாகப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏலே மொக்கச்சாமி, வாயத் தெற!"

"நீ யாரும்மா, எங்க ஊர் மந்தையில வந்து சத்தம் போட?" என்றார் குருசாமி.

"உங்க ஊர் வசவை அம்புட்டு வருசமா மதுரைக்குச் சுமந்தவ. எனக்குப் பேச உரிமை இருக்கு. அவன் சொல்லிட்டுப் போகட்டும்."

மொக்கைச்சாமி தோளில் போட்ட துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். "கல்லை நகட்டுனது நாந்தேன். சுருளியாண்டி அண்ணன் இல்ல. அண்ணன் கேக்கத்தான் வந்துச்சு. நான் அடிச்சுக் கொன்னுட்டேன்."

மந்தை இரைந்தது. அவன் சொந்தக்காரர்கள் அவனை அடிக்கவே எழுந்தார்கள். இருளம்மாள் முந்தானையால் முகத்தை மூடினாள், ஆனால் நின்ற இடத்தைவிட்டுப் போகவில்லை. கருத்தம்மாள் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு. இவன் காதுல விழச் சொல்லு."

சொன்னான்.

குருசாமி தொண்டையைச் செருமினார். "சரி, சொல்லிட்டான். இனிப் போகட்டும்."

"எங்கன போகட்டும்?" கருத்தம்மாள் குரல் மந்தையைத் தாண்டிக் கேட்டது. "இவனை அனுப்பிட்டு, அவன் அப்பிடிச் சொல்லவே இல்லேன்னு நாளைக்கு நீங்களே மாத்திப் பேசுவீக. எம் புருசனைத் திருடன்னு சொன்ன வாயிகதானே அம்புட்டும்? இவன் இங்கனயேதான் கெடக்கணும். எம் மகனை எவன் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் இவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லணும். எந் தாலிய அறுத்தவன் எங்க இருக்கணும்னு நாந்தேன் சொல்லுவேன். நீங்க யாரு?"

குருசாமியே முதலில் எழுந்து போனார்.

சாராள் கிட்டே போனாள். கருத்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒன் வாயாலதான் கேட்டிருப்பேன், ஊரு கேட்டிருக்காது" என்றாள். பிறகு, "இனிமே நீ மதுரைக்கு அலைய வேணாம். வையணும்னா நானே வஞ்சுக்கிருவேன்" என்றாள்.

சாராளுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றாள். காட்டில் மொக்கைச்சாமி கடப்பாரையால் எல்லைக்கல்லைக் கெல்லி எடுத்துக்கொண்டிருந்தான். கல் முதலில் நின்ற பழைய இடத்தில் கருத்தம்மாள் மகன் குழி தோண்டிக்கொண்டிருந்தான். வரப்பில் நின்று கருத்தம்மாள் வைதாள். நல்ல காட்டமான வசவு, ரோடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. பஸ் வந்தது. சாராள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த வசவை அவள் மனப்பாடம் செய்யவில்லை.