சீலிங்குக்கு மேல் அடைத்த பஞ்சு

என் தம்பியின் மூக்கை நான் உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூரில், எங்கள் வீட்டு உள்ளறையில், அவன் மனைவியும் நான்கு வயது மகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கறி வாங்கிக்கொண்டு நுழைகிறேன், அவன் கட்டில்மேல் நின்று கடப்பாரையால் சீலிங்கைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். மழையில் ஊறி இற்றுப்போன பிளைவுட் பிய்ந்து தொங்கியது. அதற்கு மேல் அடைத்திருந்த பஞ்சு மாவாகக் கொட்டியது. கீழே குழந்தை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அதில் ஆடினாள். அவள் அம்மா துடைப்பத்தால் கூட்டக் கூட்ட அறை முழுக்க வெள்ளைப் புழுதி. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. குழந்தையைத் தூக்கித் தெருவில் விட்டேன். திரும்பி வந்து தம்பியின் காலைப் பிடித்து இழுத்தேன். விழுந்தவன் எழுவதற்குள் முகத்தில் குத்தினேன்.

“இன்னாத்துக்குடா அடிக்கிற? மூணு மாசமா கலீஜா கொட்டிகினே கீது, புள்ள தலைல வுழுது. கழட்டாம இன்னா பண்ண சொல்ற?”

“தொடாதடா! அது விஷம்டா!”

அந்த விஷத்தைக் கொண்டுவந்ததே நான்தான். எண்ணூரில் ஒரு பழைய ஆலையின் பாய்லர் கூடத்தை இடித்தபோது குழாய் அறுக்கும் வேலையில் இருந்தேன். இரும்பு காண்டிராக்டருக்கு, விலை போகாதது எங்களுக்கு. அதுதான் வழக்கம். சூட்டுக் குழாய்களில் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சை யாரும் சீண்டவில்லை. கொதிக்கிற நீராவியையே அடக்கின பஞ்சு, சித்திரை வெயிலையா அடக்காது என்று தோன்றியது. ஆறு சாக்கு மூட்டை கட்டி வந்து எங்கள் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் அடைத்தேன். வீடு குளிர்ந்தது. தெருவே என் மூளையைப் புகழ்ந்தது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிறகு துறைமுகத்தில் ஒரு வேலை. தொடங்கும் முன் பாதுகாப்பு அதிகாரி எங்களை உட்கார வைத்துப் படம் காட்டினார். அதே பஞ்சு. பழைய பாய்லர் உறைகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும் என்றார். இற்று உதிர்ந்தால் ஆபத்து, காய்ந்தபடியே உடைப்பதும் கூட்டுவதும் அதைவிட ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் போய்த் தங்கிவிடும், நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும் என்றார். ஆனால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நம்முடையது வேறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே தம்பி கேட்டான். “விஷம்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வாசலறையில் சுருட்டி வைத்திருந்த என் பாயைப் பார்த்தான்.

“காத்து வர்லன்னு எங்கள உள்ள வுட்டுட்டு பாய எட்துகினு முன் ரூமுக்குப் போனியே, அதுக்குத்தானா?”

ஆமாம், அதற்குத்தான். அவன் என்னைச் சுவரோடு அறைந்தான், வயிற்றில் மிதித்தான், விழுந்த பிறகும் மிதித்தான். அவன் மனைவி தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

அன்றே அறையைப் பூட்டினோம். ஒரு துண்டு பரிசோதனைக்குப் போனது, கல்நார்தான் என்று வந்தது. அதற்கென்று பழகிய ஆட்கள் வந்து நனைத்து நனைத்து எடுத்துப் போனார்கள். டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, பின்னால் எப்படி என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது என்றார்.

இப்போது அவள் சாதாரணச் சளிக்கு இருமினால்கூட, தம்பி அவளைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறான். எழுந்து வந்து அடிக்கமாட்டானா என்று இருக்கிறது. அவன் அடிப்பதில்லை.