வலைக்கு அந்தப் பக்கக் குரல்

ஷட்டில் இரட்டையர் ஆட்டத்தில் நானும் கவிதாவும் பள்ளி நாளிலிருந்தே ஜோடி. பெங்களூர் பயிற்சி மையம் அவளை மட்டும் எடுத்துக்கொண்டது. அதோடு எங்கள் பேச்சும் நின்றுபோனது.

மறு வருடம் ஓசூர்ப் போட்டியில் நான் வேறொருத்தியோடு ஆட, அவள் தன் புது ஜோடியோடு எனக்கு எதிரே நின்றாள். அவள் ஜோடி அடித்த இறகுப்பந்து என் தலைக்கு மேல் வந்தது. மட்டையை ஓங்கினேன்.

“விடுடி, அவுட்டு!”

கத்தியது கவிதா. பழக்கத்தில் கையை இறக்கிவிட்டேன். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது, புள்ளி எங்களுக்கு.

“நீ யார் பக்கம் ஆடுற?” என்று அவள் ஜோடி கன்னடத்தில் சீறினாள். கவிதா தலைகுனிந்து நின்றாள்.

நாங்கள் தோற்றோம். மத்திகிரி டவுன் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து அழுதேன், தோற்றதற்காக அல்ல. விட்டுப்போனவள் என்றுதான் அவளை நினைத்திருந்தேன். புது ஜோடி கிடைத்தும் அவள் வாய் இன்னும் எனக்குத்தான் குரல் கொடுக்கிறது; பெங்களூரில் அவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.