கையைப் பின்னால் கட்டு

உங்கள் வீட்டில் ஒருவர் ஓராண்டு இல்லாமல் போனால் அடுப்பு முதல் அப்பாவின் மாத்திரை வரை எல்லாம் நின்றுபோகும் என்றால், அந்த ஒருவர் யார்? யோசிக்கவே வேண்டியதில்லை, முகம் உடனே வந்துவிட்டது அல்லவா? அது ஏன் ஒரு பெண்ணின் முகமாகவே இருக்கிறது?

எனக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தவர் செயற்கைக் கால் செய்கிற ஒரு பெண். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மருத்துவமனையின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே அவருடைய பட்டறை. நோயாளிகள் வைத்த பெயர் கால்காரம்மா. “கால்காரம்மா இருக்காங்களா?” என்று யாராவது கேட்டால், “ரெண்டு காலோடயும் இருக்காங்க, போங்க” என்பார் வாசல் காவலாளி. தலைமுடியில் எப்போதும் மாவுக்கட்டுத் தூள் படிந்திருக்கும். நரையா, தூளா என்று கேட்டால், “ரெண்டும்தான். பிரிச்சுப் பாக்க நேரமில்ல” என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு விதி உண்டு. புதுக்கால் மாட்டியவர் இரண்டு நீளக் கம்பிகளுக்கு நடுவே முதல் அடி வைக்கும்போது, எதிரே நிற்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தடுமாறுகிறவரைப் பார்த்தால் நம் கை தானாக நீளும். நீண்ட கையை ஒருமுறை பிடித்தவர் அப்புறம் காலை நம்ப மாட்டார், கையைத்தான் தேடுவார்.

போர் ஓய்ந்தும் நிலத்துக்குள் புதைத்த வெடிகள் ஓயாத ஒரு நாடு இருக்கிறது. வயலுக்குப் போன பெண்களும் பந்து பொறுக்கப் போன பிள்ளைகளும் அங்கே கால் இழந்து கிடக்கிறார்கள். ஓராண்டு வந்து கால் செய்து கொடுக்க முடியுமா என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டது. தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. கால்காரம்மா அன்றே சரி என்றார். மாவுக்கட்டு இழைக்கும்போது கைப்பேசியில் அந்த ஊர் மொழியை ஓடவிட்டுக் கேட்கத் தொடங்கினார். வணக்கம், நன்றி எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் கற்றது ‘வலிக்கிறதா?’ என்பதை.

வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ஏற்பாடெல்லாம் சுலபமாக முடிந்தது. முட்டுக்கட்டை வீட்டுக்குள் இருந்தது. அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது காலும் கையும் சரியாக வருவதில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடத்துவது எல்லாம் திருமணமாகாத மகள். கூப்பிடு தூரத்தில் இரண்டு தம்பிகள், தனித்தனி வீடுகளில். பெரியவனுக்கு வண்டி உதிரிபாகக் கடை, சின்னவனுக்கு அலுவலக வேலை. விஷயம் தெரிந்ததும் இருவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்கள்.

“உனக்கென்ன பைத்தியமாக்கா? சம்பளமில்லாம ஒரு வருஷம் யாருக்கோ உழைக்கப் போறியா?” என்றான் பெரியவன்.

“சம்பளமில்லாம இத்தனை வருஷம் இந்த வீட்டுல உழைச்சேன். அப்ப யாரும் பைத்தியம்னு சொல்லலையே.”

சின்னவன் குரலை இறக்கினான். “அதுக்கில்லக்கா. எங்களுக்குக் குடும்பம் குட்டின்னு இருக்கு. உனக்கு அந்தப் பொறுப்பெல்லாம் இல்ல...”

“அப்ப உள்ள படுத்திருக்கிறது யாரு? வாடகைக்கு வந்தவரா?”

இடையில் அத்தை ஒருத்தி கைப்பேசியில் வந்து, “எல்லாம் அவங்கவங்க தலையெழுத்தும்மா” என்றார். தலையெழுத்தாம்! எழுதிய கையைத் தேடிப் பாருங்கள். அது எப்போதும் பாத்திரம் கழுவாத கையாகவே இருக்கும்.

கடைசியில் பெரியவன் பெருந்தன்மையோடு சொன்னான்: “சரி விடு. என் பொண்டாட்டி பாத்துப்பா.”

கூட வந்திருந்து, டீ போட்டுக் கொண்டுவந்த அவன் மனைவி நடுவழியில் நின்றுவிட்டார். கால்காரம்மா அவரைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

“வேண்டாம். நான் இறக்கி வைக்கிறத இன்னொருத்தி தலையில ஏத்திட்டா போகணும்? அவர் பெத்தது உங்க ரெண்டு பேரையும்தான். நீங்க பாருங்க.”

“நல்லாச் சொன்னீங்க அண்ணி” என்ற அந்தப் பெண், தட்டை மேசையில் வைத்தார். “டீய அவங்கவங்க எடுத்துக்கோங்க.”

அப்பாவைத் தம்பிகள் பார்த்துக்கொள்வதை ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. கால்காரம்மா ஒரு வாரம் தோழியான நர்ஸின் அறையில் தங்கினார். கைப்பேசி அடிக்கும். “அக்கா, அப்பா துண்டு எங்க?” “அப்பாகிட்ட கேளு.” “அக்கா, கஞ்சிக்கு உப்பு எவ்வளவு?” “அப்பாகிட்ட கேளு.” வைத்துவிடுவார். வைத்த பிறகு அரை மணி நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நர்ஸ் சொன்னார்.

வாரம் முடிந்து வந்து பார்த்தால் வீடு பளிச்சென்று இருந்தது. மாத்திரை தவறவில்லை. அப்பா மழித்த முகத்தோடு சாய்ந்திருந்தார். தம்பிகள் பரிசு வாங்கப் போகிறவர்கள் போல் நின்றார்கள்.

“எழுந்திரிங்கப்பா, வாசல் வரைக்கும் போவோம்” என்று கால்காரம்மா அவர் கையைப் பிடித்தார். அப்பா பாதத்தைத் தரையில் ஊன்றினார். கால் வெடவெடவென்று ஆடி மடங்கியது.

“என்னடா செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலக்கா. குளிக்க, சாப்பிட, எல்லாத்துக்கும் நானே அப்படியே தூக்கிட்டுப் போயிட்டேன்” என்றான் பெரியவன் பெருமையாக. “நடக்கவிட்டா அரை மணி நேரம் ஆவுது. தூக்கினா ஒரு நொடி.”

“அரிசி மூட்டையக்கூட பாத்துத்தாண்டா இறக்குவாங்க” என்றார் அப்பா.

பாசத்தில்தான் தூக்கினான். ஒரு வாரப் பாசம் ஒரு காலைப் படுக்க வைத்துவிட்டது. ஓராண்டு இப்படிப் போனால் திரும்பி வரும்போது அப்பா எழுந்திருக்கவே மாட்டார். மறுநாள் பட்டறைக்கு வந்த கால்காரம்மா, “நான் வரலைன்னு சொல்லிடப் போறேன்” என்று நர்ஸிடம் சொன்னார்.

அன்றைக்கு ஒரு மெக்கானிக் புதுக்காலோடு கம்பிக்கு நடுவே நின்றார். இரண்டாவது அடியில் தள்ளாடினார். அவர் மனைவி பதறி ஓடிவர, “கையைப் பின்னால கட்டுங்கம்மா!” என்று கால்காரம்மா அதட்டினார். அதட்டிய வாய் அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் சொல்கிற இதை அவர் வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்பாவின் கையை அவர் விட்டதே இல்லை. தம்பி தூக்கினான், அக்கா ஏந்தினாள். இரண்டிலும் அப்பாவின் கால் யாருக்கும் தேவைப்படவில்லை.

மாலையில் தம்பிகளைப் பட்டறைக்கு வரவழைத்தார். மெக்கானிக்குக்கு எதிரே கையைக் கட்டி நிற்கச் சொன்னார். சின்னவன் கை இரண்டுமுறை அவிழ்ந்து நீண்டது. “பாத்துக்கிட்டே நிக்கிறது தூக்குறத விடக் கஷ்டமா இருக்குக்கா” என்றான்.

“அதான் வேலையே.”

பெரியவன் கடையிலிருந்து குழாய் கொண்டுவந்து, படுக்கையிலிருந்து வாசல் வரை சுவரில் கைப்பிடி அடித்தான். தம்பிகள் முறை வைத்து வந்தார்கள். அப்பா திட்டிக்கொண்டே நடந்தார். “பஸ் ஓட்டினவன்டா நான். என்னை எவனும் பின்னாலருந்து தள்ளினதில்ல, தள்ளி நில்லுங்க!” கால்காரம்மா புது மொழியில் “வலிக்கிறதா?” என்று அவரிடம்தான் பழகினார். அவரும் அந்த மொழியிலேயே “இல்லை” என்பார். பொய்தான். உச்சரிப்பு மட்டும் சுத்தமாக இருக்கும்.

ஒருநாள் அப்பா பிடி நழுவி விழுந்துவிட்டார். நெற்றி வீங்கியது. சின்னவன் அழுதேவிட்டான். கால்காரம்மா முதலில் அடியைப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை அப்பாவின் அருகே நகர்த்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன. நாற்காலியைப் பற்றி, முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்கி, அப்பா தானாக எழுந்தார். யாரையும் பார்க்காமல், “யாராவது தண்ணி குடுங்க. அதையாவது குடுக்கலாமில்ல?” என்றார்.

புறப்படும் நாள் காலை. பெட்டி வாசலில் இருந்தது. அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடியடியாக வந்தார். இரண்டு மகன்களும் கையைப் பின்னால் கட்டி நின்றார்கள். வந்து நின்றவரிடம் மகள் அந்த மொழியில் கேட்டார்: “வலிக்கிறதா?”

“ஆமாம்” என்றார் அப்பா, முதல்முறையாக. பிறகு நம் மொழியில், “வலிக்குது. நீ கிளம்பு.”

இப்போது உங்களிடம் வருகிறேன். முதல் கேள்வியில் ஒரு முகம் நினைவுக்கு வந்ததே, இன்று அந்தப் பெண்ணிடம் போங்கள். ‘உனக்கு எங்கே போகணும்?’ என்று கேளுங்கள். பதில் உடனே வராது, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. பரவாயில்லை, யோசிக்கட்டும். அதுவரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது பாருங்கள், போய் இறக்கி வையுங்கள். பாத்திரம் பிடிக்கும் துணி எங்கே என்று அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள், தேடுங்கள்.