கிளெனிஸ் நடக்கப் பழகிய குளிர்காலம்

பாலிங்கப் ஊர்ப் பேக்கரியில் பத்தொன்பது வருஷம் ரொட்டி சுட்டவள் கிளெனிஸ் பர்க்கிஸ். முதுகில் மூட்டையும் காலில் சேறுமாக வந்து, வயிறு நிறையத் தின்றுவிட்டுத் காட்டுப் பாதையில் தெற்கே கடலைப் பார்த்துப் போகிற நடைக்காரர்களை அத்தனை வருஷமும் வழியனுப்பியிருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நாள் காலை அவள் மனசும் அவர்களோடு கதவைத் தாண்டிப் போய்விட்டது. கைகள் மட்டும் மாவில் இருந்தன.

"நானும் அந்தப் பாதையில வடக்கே கலமுண்டாவிலிருந்து கடலோரத்து ஆல்பனி வரைக்கும் நடக்கப் போறேன். வசந்தத்துல."

"ஆயிரம் கிலோமீட்டரா?" கணவன் ட்ரெவர் விழுந்து விழுந்து சிரித்தான். "கடைக்குப் போறப்பவே நடுவுல ரெண்டு தடவை உக்காருவியே!"

மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு கிலோ உருளைக்கிழங்கை முதுகில் கட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னாலிருந்த குன்றில் ஏறினாள். மாடுகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அந்தப் பக்கம் ஜூன்தான் குளிர்காலம்; மூடுபனியில் கீழே ஊரே இல்லை. வெள்ளைக்குள் அவள் மூச்சு மட்டும் முன்னால் போயிற்று. வாரங்கள் போகப் போக முழங்கால் முணுமுணுப்பதை விட்டது.

உடம்பு வழிக்கு வந்தாலும் மனசு பயந்தது. ரேடியோவோ பேச்சோ இல்லாமல் அரைமணி இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். காட்டில் மழை ஓயும் சத்தம், தொட்டியில் சொட்டும் நீர், மேக்பை பறவைகளின் குழைந்த குரல் எல்லாம் ஒவ்வொன்றாக அருகில் வந்து உட்கார்ந்தன.

"கிளென், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்றான் ட்ரெவர் மதியம். மூன்று மணிக்குள் கூரைச் சருகெல்லாம் தானாகவே வாரிப் போட்டுவிட்டான். "கல்யாண நாளை மறந்துட்டேனா?" என்று சாயங்காலம் கேட்டபோதுதான் அவள் சிரித்துவிட்டாள்.

ஆகஸ்டில் மூன்று நாள் ஒத்திகை. இரண்டாம் நாளே மழை, குதிகாலில் கொப்புளம். வழியில் நடைக்காரர்கள் தங்கும் மரக்குடிசைச் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டு, நொண்டிக்கொண்டே சாலைக்கு வந்து ட்ரெவரைப் போனில் கூப்பிட்டாள்.

"விட்டுடறியா?" அவன் கேலி பண்ணவில்லை.

"பூட்ஸ் சின்னது. பெருசு வாங்கணும்."

அன்று அவனே அவள் பையை மேஜையில் கொட்டினான். "இந்த இரும்பு வாணலி எதுக்கு?"

"முட்டை பொரிக்க."

"எந்தக் கோழிடி உனக்காகக் காட்டுல முட்டை போட்டு வெச்சிருக்கு?"

பையில் நாலு கிலோ குறைந்தது.

வசந்தம் வந்ததும், செப்டம்பரில் புறப்பட்டாள். மரங்களில் அடித்திருந்த மஞ்சள் பாம்பு வடிவ வழிக்குறி கூட்டிக்கொண்டு போக, நாள்களை எண்ணுவதை எப்போது விட்டாள் என்றே தெரியவில்லை. உயர்ந்த காரி மரங்களுக்குக் கீழே, தான் நடக்கிறோமா காடு நகர்கிறதா என்று சிலநேரம் தோன்றியது. அறுபத்து மூன்றாம் நாள் ஆல்பனியில் காற்று உப்பாக முகத்தில் அடித்தது. அங்கே ட்ரெவர் நின்றிருந்தான்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் பையை இறக்கி வைத்தாள். அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். காரில் ஏறியதும் உறங்கிப்போனாள். உறக்கத்திலும் அவள் பாதங்கள் மாறி மாறி மெல்ல அசைந்தன. ட்ரெவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினான்.